புது டயர் போட்டால் முதல் சில நாள் மெதுவாக ஓட்ட வேண்டுமா?

காட்பாடி வாசகர்: ஸ்விஃப்ட்டில் முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன, பின்னால் உள்ளவை இன்னும் ஓடும். இரண்டு மட்டும் வாங்கி முன்னாலேயே போட்டுவிடலாமா? மாட்டிய மறுநாளே குடும்பத்தோடு ஏலகிரி போக வேண்டியிருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

ராணிப்பேட்டை: புது டயர் இரண்டையும் பின்னால் போடுங்கள், பின்னால் இருப்பதை முன்னுக்கு மாற்றச் சொல்லுங்கள். கடையில் மறுத்தாலும் விடாதீர்கள். மழையில் முன் சக்கரம் வழுக்கினால் ஆக்ஸிலேட்டரை விட்டுச் சமாளித்துவிடலாம், பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம் பணம் கொடுக்கும் முன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம் தயாரித்தது. நான் பார்க்காமல் வாங்கி, வீட்டுக்கு வந்த பிறகுதான் அது மூன்று வருடப் பழைய சரக்கு என்று தெரிந்தது. அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது), பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது) இரண்டையும் அன்றே செய்துவிடுங்கள்.

ஆம்பூர்: ஏலகிரியை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள் அண்ணா. அச்சிலிருந்து டயர் ஒட்டாமல் வரப் பூசும் வழவழப்பு மேலே இருக்கும், அது தேய்கிற வரை பிடிப்பு குறைவு. முதல் 300 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, முன்வண்டிக்கு அதிக இடைவெளி விட்டு, திடீர் பிரேக் போடாமல் இருந்தால் போதும். மலையில் 14 கொண்டை ஊசி வளைவு, குழந்தைகள் வேறு இருப்பார்கள்.

காட்பாடி வாசகர்: சரி, பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டேன். காற்று எவ்வளவு?

ராணிப்பேட்டை: டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுதான். நம்ம ஊர் வெயிலில் ஓட்டி வந்ததும் பார்க்காதீர்கள், சூட்டில் கூடுதலாகக் காட்டும். காலையில் பாருங்கள்.