குழந்தைக்கு மேட்சிங் ஸ்வெட்டர் செட் பின்னின அனுபவம் இருக்கா? வாங்க, சொல்லுங்க

கேத்திக்காரி:

மொதல்ல நானே ஆரம்பிக்கிறேன். தம்பி பொண்ணுக்கு ரெண்டு வயசு முடியுது, பழனில மொட்டை போட்டுட்டு நேரா எங்க வீட்டுக்கு வர்றாங்கன்னு பிளான், அதுவும் டிசம்பர் கடைசில. கீழ இருக்கிறவங்களுக்கு இங்க ஊட்டிப் பக்கத்துக் கேத்தி மலைல டிசம்பர்னா என்னன்னு போன்ல சொன்னா புரியாது, விடிய விடிய புல்லு மேல உறைபனி வெள்ளையா கிடக்கும், அதுல மொட்டைத் தலையோட ஒரு புள்ள! தம்பி பொண்டாட்டி போன் பண்ணி "அண்ணி, செட்டா பின்னிக் குடுங்க, ஸ்வெட்டர் குல்லா சாக்ஸ் மூணும் ஒரே கலர்ல, போட்டோக்கு நல்லாருக்கும்"னா. சரின்னுட்டேன்.

செட்டுன்னா பின்றதுக்கு முன்னாடி கடைலயே பாதி வேலை இருக்கு. ஊல் உருண்டை மேல சுத்தின பேப்பர்ல ஷேட் நம்பரும் இருக்கும், லாட் நம்பரும் இருக்கும். ஷேட் ஒண்ணா இருந்து லாட் வேறயா இருந்தா கடை டியூப்லைட்ல ஒண்ணும் தெரியாது, வெளிய வெயில்ல கொண்டு வந்து பக்கத்துல பக்கத்துல வெச்சா ஒண்ணு லேசா மங்கலா தெரியும். ஒவ்வொரு தடவை சாயம் ஏத்தும்போதும் கொஞ்சம் முன்னப் பின்ன ஆகத்தான் செய்யும், கம்பெனியக் குறை சொல்லி என்ன பண்றது. நான் போன அன்னிக்கு அந்த மாம்பழ மஞ்சள் ஒரே லாட்ல 250 கிராம்தான் இருந்துச்சு, மிச்சம் வேற லாட். ரெண்டு வயசுப் புள்ளைக்கு ஸ்வெட்டருக்கே 200 கிராம் கிட்ட ஆகும், குல்லாக்கு ஒரு 50. அதனால ஸ்வெட்டரும் குல்லாவும் ஒரு லாட், சாக்ஸ் மட்டும் அடுத்த லாட்னு பிரிச்சுக்கிட்டேன். குல்லா கழுத்துக்கிட்டயே உக்காந்திருக்கும், வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். காலுக்கும் கழுத்துக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்கு, யார் கண்டுபிடிப்பா? இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல.

ஊசிக்கு எங்க ஊர்ல பஞ்சமே இல்ல. பக்கத்துல எல்லநள்ளில 1949-லேர்ந்து ஊசி ஃபேக்டரி இருக்கு, கடைல போனின்னு பேர் போட்டு வர்ற பின்னல் ஊசி எல்லாம் இந்த மலையிலேர்ந்து போனதுதான், எனக்கு அதுல ஒரு அல்பப் பெருமை. சாம்பல் கலர் அலுமினிய ஊசி, உடம்புக்கு 8 நம்பர், பார்டருக்கு 10. நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும், புதுசா பின்றவங்க இத கவனிச்சுக்கோங்க, 8-ன்னா 4 மில்லிமீட்டர், 10-ன்னா 3.25.

இப்ப மொட்டை விஷயத்துக்கு வர்றேன். தலை அளவு எடுத்து அனுப்புன்னு சொன்னா அவ முடியோட சேத்து அளந்து அனுப்பியிருக்கா, சுருட்டை முடி வேற! மொட்டை போட்டா அந்த அளவுக்கு குல்லா கண்ணு மேல வந்து விழும். அதனால முடிய நல்லா அமுக்கிப் பிடிச்சு மறுபடி அளக்கச் சொன்னேன், 48 சென்டிமீட்டர், அதுல ஒரு மூணு குறைச்சு ரிப் பார்டர், அதான் இழுத்தா நீண்டு விட்டா சுருங்குற வரி வரியான பின்னல், போட்டா தலைய கவ்விப் பிடிக்கும். இன்னொண்ணு, புதுசா மொட்டை போட்ட தலைல ஊல் பட்டா குத்தும், அரிக்கும். அப்பாவோட பழைய வேட்டில நல்லா நைஞ்சு போன பக்கமா கிழிச்சு, குல்லாக்கு உள்ள லைனிங்கா வெச்சு ஓரத்துல மட்டும் லூசா கைத்தையல் போட்டேன், இறுக்கித் தச்சா ஊல் நீளும் துணி நீளாது, அப்புறம் தலைக்குள்ளயே போகாது.

கழுத்தும் அப்படித்தான். குழந்தைங்களுக்கு தலை பெருசு, ஒரு வயசுல நெஞ்சுச் சுத்தும் தலைச் சுத்தும் ஏறக்குறைய ஒண்ணாதான் இருக்கும், அப்புறம்தான் நெஞ்சு முந்தும். நம்ம ஸ்வெட்டர் மாதிரி வட்டக் கழுத்து வெச்சா மாட்டும்போது காது மடங்கி ஊரைக் கூட்டிடும். ஒரு தோள்பட்டைய தைக்காம விட்டு மூணு பட்டன் வெச்சேன்.

வந்தா. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டா, சாக்ஸ் போட்டுக்கிட்டா, குல்லாவ மட்டும் கழட்டிக் கழட்டி எங்க வீட்டு நாய் தலைல வெச்சா. அது பாவம், அந்த மாம்பழ மஞ்சள் குல்லாவோட அசையாம உக்காந்துக்கிட்டு இருந்துச்சு. போட்டோல குல்லாவோட இருக்கிறது அதுதான்.

ஆர்கேபுரம் மாமி:

ஐயோ நாயை நினைச்சு நினைச்சு சிரிச்சேன். நான் டெல்லில பின்னக் கத்துண்டவ. இவருக்கு வேலை அங்க, ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸ், நான் போனப்போ எனக்கு ஊசியப் பிடிக்கக்கூடத் தெரியாது. குளிர்காலம் வந்தா மத்தியானம் பன்னெண்டு மணிக்கு மேல எல்லாரும் வெயில்ல கட்டிலப் போட்டுண்டு பின்ன உக்காந்துடுவா, ஆபீஸ் போற பொம்மனாட்டிகளும் லஞ்ச் நேரத்துல புல்தரைல உக்காந்து பின்னிண்டுதான் இருப்பா. பக்கத்தாத்து பஞ்சாபி மாமிதான் எனக்கு குரு. பின்றதையே பாக்க மாட்டா, கை பாட்டுக்கு ஓடும், வாய் பாட்டுக்கு ஊர்க்கதை ஓடும்.

மேட்சிங்னு கேட்டேளே, எனக்கு ரெண்டும் பிள்ளை, ரெண்டு வயசு வித்தியாசம். பெரியவனுக்கு என்ன போட்டாலும் சின்னவனுக்கு அதே வேணும். அந்தக் காலத்துல புது ஊல் நினைச்சபோது வாங்கற வசதியெல்லாம் கிடையாது. இவரோட ஒரு கரும்பச்சை ஸ்வெட்டர், நல்ல சுத்தமான ஊல், முழங்கை ரெண்டும் தேஞ்சு போயிடுத்து. மத்த இடம் எல்லாம் கெட்டி. மாமி பாத்துட்டு, தூக்கிப் போடாதே, பிரின்னா. பிரிச்சா நூல் எப்படி வரும் தெரியுமோ, மேகி நூடுல்ஸ் மாதிரி சுருள் சுருளா வரும், அத அப்படியே பின்னினா மேடும் பள்ளமுமா இருக்கும். அதுக்கு ஒரு வழி இருக்கு. நாற்காலி முதுகுல சுத்தி, நாலு இடத்துல வேற நூலால லூசா கட்டி, இளஞ்சூட்டுத் தண்ணில நனைச்சு, பிழியாம, தண்ணி சொட்டச் சொட்ட கொடில தொங்க விடணும், அடில ஒரு சின்ன வெயிட் கட்டினா சுருள் போயிடும். சில பேர் கெட்டில் மூக்குல வர ஆவியக் காட்டுவா. ஊலுக்கு அது சரி. இப்போ கடைல நிறைய வர்றது அக்ரிலிக்தான், அதுல கொதிக்கற ஆவியக் காட்டினேளோ போச்சு, நூல்ல இருக்கற துள்ளலே செத்துப் போய் தொளதொளன்னு ஆயிடும், திரும்பி வரவே வராது.

முழங்கை நூல ஒதுக்கிட்டு மிச்சத்துல சின்னவனுக்கு முழுக்கை, பெரியவனுக்கு நூல் போறாம கையில்லாத ஸ்வெட்டர். அதுவும் மேட்ச்தான்னு சமாதானம் சொன்னேன். அவன் ஒத்துக்கலை. ரெண்டு பேர் நெஞ்சுலயும் வெள்ளைல ஒரே மாதிரி பட்டை போட்டுக் குடுத்தப்புறம்தான் வாயை மூடினான். இப்போ பெரியவனுக்கே பேரன் பிறந்தாச்சு, அந்தக் கையில்லாதது இன்னும் என் பீரோல நாப்தலின் உருண்டையோட இருக்கு, பூச்சி தொடலை.

அடையார் அப்பா:

ஆம்பள நான் ஒருத்தன்தான் இங்கன்னு நினைக்கிறேன், பரவால்ல. பொண்ணுக்கு நாலு வயசு, யூட்யூப் பாத்துக் கத்துக்கிட்டேன். சென்னைல எதுக்குய்யா ஸ்வெட்டர்னு கேக்காத ஆளே இல்ல, எங்க மாமியார் உள்பட. அதனால காட்டன் நூல்ல ஒரு கையில்லாத டாப் பின்னினேன், அவளுக்கும் எனக்கும் மேட்சிங். காட்டன் பத்தி ஒரு விஷயம், அதுக்கு இழுவை கிடையாது, ஊல் ரிப் மாதிரி சுருங்கி வந்து கவ்வாது, அதோட வெயிட் ஜாஸ்தி, தோச்சுத் தொங்கவிட்டா அது பாட்டுக்கு நீளும், என்னோடது இப்ப குர்தா மாதிரி ஆயிடுச்சு. படுக்க வெச்சுக் காயப்போடுங்க.

இப்ப ஜனவரில ஊட்டி போறோம், அவளுக்கு ஒரு ஸ்வெட்டர், அவ பொம்மைக்கு அதே மாதிரி ஒண்ணு வேணுமாம். சிவப்புல வெள்ளைக் கோடு. பொம்மைக்கு பாதி ஸ்டிச் போட்டா போதுமா? யாராவது கணக்கு சொல்லுங்களேன்.

கேத்திக்காரி:

அண்ணா, பாதி கீதின்னு போகாதீங்க, அளந்து பின்னுங்க. மொதல்ல அதே நூல் அதே ஊசில கைக்குட்டை மாதிரி ஒரு துண்டு பின்னி 10 சென்டிமீட்டர்ல எத்தன ஸ்டிச் வருதுன்னு எண்ணுங்க. 22-ன்னு வெச்சுக்குவோம், அப்ப சென்டிமீட்டருக்கு 2.2. பாப்பாக்கு நெஞ்சு 58 இருந்தா உள்ள ஒரு பனியன் போடுற மாதிரி 5 சேத்து 63, பெருக்கினா 138-க்கு கிட்ட. பொம்மைக்கு நெஞ்சு 28-ன்னா அது மூச்சா விடப்போகுது, 2 சேத்தா போதும், 30, ஆக 66. பாருங்க, பாதிய விடக் குறைவு. ஊசி ஒரு நம்பர் மெலிசா எடுத்தா இன்னும் அடக்கமா வரும், ஆனா அப்ப மறுபடி துண்டு பின்னி எண்ணணும்.

கோட்டுக்கும் கணக்கு இருக்கு. பாப்பாக்கு 6 வரி வெள்ளைன்னா பொம்மைக்கும் 6 போட்டா ஜெயில் யூனிஃபார்ம் மாதிரி தெரியும், 2 வரி போடுங்க. மூணுன்னு போடாதீங்க, ரெண்டு ஊசில முன்னயும் பின்னயும் திருப்பித் திருப்பிப் பின்றப்போ ஒத்தைப் படைல நிறுத்தினா நூல் அந்தப் பக்க ஓரத்துல மாட்டிக்கும், ஒவ்வொரு தடவையும் வெட்டி முடிச்சுப் போடணும். பொம்மை ஸ்வெட்டர் முதுகுப் பக்கம் முழுசா திறந்து பட்டன் வெச்சிடுங்க, பொம்மை கை மடங்காது.

ஸ்காபரோ அம்மம்மா:

நானும் ஒண்டு சொல்லுறன். நுவரெலியாவில படிப்பிச்ச காலத்தில ஒரு சிஸ்டரிட்டப் பின்னப் பழகினனான், இப்ப இஞ்ச கனடாவில மகளோட இருக்கிறன். பேத்திக்கு மூண்டு வயசு. அவவுக்கு நீலத்தில ஒரு ஸ்வெட்டர், தொப்பி, கையுறை எல்லாம் நல்ல ஊலில பின்னினன், பொத்தான் எல்லாம் தேடித் தேடி வாங்கினது. மருமகன் தங்கமான பிள்ளை, வீட்டு வேலை எல்லாம் செய்வார். அண்டைக்கு எல்லாத்தையும் அள்ளிச் சுடுதண்ணியில மெஷினில போட்டு, பிறகு டிரையரிலயும் போட்டிட்டார். வெளியில எடுத்தா ஸ்வெட்டர் என்ர உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிசு. தடிச்சுக் கம்பளித் துண்டு மாதிரி இறுகிப் போச்சு, பின்னின தையலே தெரியேல்லை. சூடும் சவர்க்காரமும் உலைப்பும் சேர்ந்தா ஊல் அப்பிடித்தான், இழை ஒண்டுக்குள்ள ஒண்டு பூந்து பூட்டிக்கொள்ளும், பிறகு ஆராலயும் பிரிக்கேலாது.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக் கிடந்தது. பேத்தி ஓடி வந்தா, பார்த்தா, தூக்கிக்கொண்டு போய்த் தன்ர கரடிக்குப் போட்டா. கணக்காப் பொருந்திச்சுது! அடையார் தம்பி, நீங்கள் கஷ்டப்பட்டுக் கணக்குப் பாக்கிறியள், எங்கட வீட்டில வாஷிங் மெஷின் கணக்குப் பார்த்துத் தந்தது. மிச்சமாக் கிடந்த நீலத்தில பேத்திக்கு இன்னொண்டு பின்னினன், இப்ப அவவும் கரடியும் சோடி.

அடுத்ததுக்கு சூப்பர்வாஷ் மெரினோ எண்ட மெல்லிய ஊல் வாங்கினன். அது இழையின்ர செதிலை மழுக்கி மேல ஒரு பூச்சுப் போட்டு வாறது, மெஷினில போட்டாலும் சுருங்காது, ஆனா நனைஞ்சால் கொஞ்சம் நீளும், அதால நீளத்தைக் குறைச்சுப் பின்னுங்கோ. இன்னொண்டு, சின்னப் பிள்ளையளின்ர தொப்பிக்கும் கழுத்துக்கும் கயிறு வைக்காதேங்கோ. சறுக்கியில, ஊஞ்சலில மாட்டுப்பட்டால் கழுத்தை இறுக்கிப் போடும். ஐரோப்பாவில ஏழு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளின்ர உடுப்பில கழுத்துப் பக்கம் கயிறே கூடாதெண்டு தரக் கட்டுப்பாடே இருக்கு. நான் காது மூடுற மாதிரிப் பின்னி, நாடிக்குக் கீழ ஒரு சின்னப் பட்டியும் அமத்துற பொத்தானும் வைக்கிறனான், இழுத்தால் தானாக் கழரும்.

அடையார் அப்பா:

அம்மம்மா, அந்தக் கரடி போட்டோவ என் பொண்ணு கண்ணுல காட்டவே மாட்டேன், அப்புறம் பொம்மைக்கு வேணாம் கரடிக்குத்தான் வேணும்பா. கேத்தி அக்கா, கணக்கு போட்டாச்சு, துண்டு பின்னிப் பாத்தேன், எனக்கு 24 வருது, கை இறுக்கமாம். ஊசிய ஒரு நம்பர் பெருசாக்கட்டுமா, இல்ல ஸ்டிச்ச கூட்டட்டுமா?

கேத்திக்காரி:

துண்டத் தொட்டுப் பாருங்க. அட்டை மாதிரி விறைப்பா இருந்தா 7 நம்பர் ஊசிக்கு மாறுங்க, அது நாலரை மில்லிமீட்டர். சாஃப்டா இருந்தா ஊசி அப்படியே இருக்கட்டும், 63-ஐ 2.4-ஆல பெருக்கி 152 போடுங்க. அப்புறம் ஜனவரிக்குத்தான் வர்றீங்கன்னா கைய ஒரு ரெண்டு இஞ்ச் நீளமா பின்னி மடிச்சு விடுங்க, அடுத்த வருஷமும் வந்தா போட்டுக்கலாம். பொம்மைக்கு வேண்டாம், அது வளராது.