கோல்ஃப்ல 7 அயர்ன் ஓரளவு ஓகே, டிரைவர் மட்டும் வலது பக்கம் ஓடுது: பிளேன் (ஸ்விங் போற தளம்) பிரச்சனையா கிரிப் (கிளப்பைப் பிடிக்கற விதம்) பிரச்சனையா?

அஞ்சுரோடு ஆல்ரவுண்டர்:
வணக்கம்ங்க, சேலத்துல இருந்து. சின்ன வயசுல இருந்து கிரிக்கெட், இப்பதான் கோல்ஃப் பக்கம் வந்தேன். வீட்டு மொட்டை மாடில வலை கட்டி அடிக்கறேன், நண்பர் ஒருத்தர் கூட்டிட்டு போனா கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்துல ஆடுவேன். வலது கை ஆட்டக்காரன். டிரைவர் (தூரம் அடிக்கற நீளமான கிளப்) எடுத்தா பந்து கொஞ்சம் இடது பக்கமா கிளம்பி அப்புறம் வலது பக்கம் வளைஞ்சு காட்டுக்குள்ள போயிடுது, அதை விட குட்டையான 7 அயர்ன்ல வளைவு கம்மி. வீடியோ எடுத்துப் பார்த்தா டவுன்ஸ்விங்ல கிளப் மேல இருந்து வெளிப்பக்கமா வந்து விழுது, அதான் ஓவர் த டாப்னு சொல்றாங்களே அது. உள்ள இருந்து கொண்டு வரணும்னு என்னென்னவோ ட்ரில் பண்ணிப் பார்த்தாச்சு, ரெண்டு நாள் வரும், மூணாவது நாள் பழைய கதை. கிரிப் ஒரு ஜாம்பவானோட வீடியோ பாத்து இடது கையை நல்லா மேல வச்சு பிடிக்கறேன், அதுல தப்பு இருக்காதுன்னு நினைக்கறேன். இன்னொரு சந்தேகம், கிளவுஸ் ஏன் இவ்ளோ சீக்கிரம் கிழியுது? உள்ளங்கை அடியில, மணிக்கட்டுக்குப் பக்கத்துல ஓட்டை விழுது. நல்ல கிளவுஸ் எது வாங்கலாம்?

பார்த்ரீ பழனி:
தம்பி, தோள் முதல்ல திரும்பறதுதான் காரணம். இடுப்புல இருந்து ஆரம்பிங்க. பந்துக்கு வெளிப்பக்கம் ஒரு காலி அட்டைப்பெட்டி வச்சு அதுல படாம அடிச்சுப் பழகுங்க. நான் இதுல தான் சரி பண்ணேன்.

சில்வர் ஓக்:
பெட்டி வைக்கறது நல்ல ட்ரில்தான் அண்ணா, ஆனா இவர் ரெண்டு நாள் வருது மூணாவது நாள் போயிடுதுன்னு சொல்றாரே, அதுதான் எனக்கு பெருசா தெரியுது. ஸ்விங்கை மட்டும் திருத்தினா நிக்காதுன்னா அந்த ஸ்விங்குக்கு கீழ ஒரு காரணம் இருக்குன்னு அர்த்தம். கிளவுஸ் ஓட்டையை எல்லாரும் கடந்து போயிட்டீங்க, எனக்கு மொத்த கேள்விக்கும் பதில் அதுலதான் இருக்குன்னு தோணுது. அந்த இடத்துல ஓட்டை விழுந்தா கிளப் உள்ளங்கைல உக்காந்திருக்கு, ஒவ்வொரு அடிக்கும் அங்க தேயுது. விரல்ல இருக்க வேண்டியது உள்ளங்கைக்குப் போனா மணிக்கட்டு சரியா மடங்காது. மடங்கலன்னா கிளப்பை மேல கொண்டு போக கையைத் தூக்கித்தான் ஆகணும், தூக்கினது செங்குத்தா கீழ இறங்கும், அதான் வீடியோல நீங்க பாக்கற வெளிப்பக்க வெட்டு. பேட் ஹேண்டில் தடிமன், கை நிறையப் பிடிச்சுப் பழகினவங்க நிறைய பேருக்கு இதே கதைதான்.

இன்னொன்னு, இடது கையை மேல வச்சுன்னு சொன்னீங்களே, கீழ பாத்தா அந்தக் கையில எத்தனை விரல் முட்டி தெரியுது?

அஞ்சுரோடு ஆல்ரவுண்டர்:
ஒண்ணுதான் அண்ணா தெரியுது. கட்டைவிரல் நேரா தண்டு மேல இருக்கு. வீடியோல அப்படித்தான் இருந்துச்சு, அந்த ஜாம்பவான் பென் ஹோகனோட கிரிப்புன்னு போட்டிருந்தாங்க.

சில்வர் ஓக்:
அதாங்க சமாச்சாரம். ஹோகன் ஆரம்ப காலத்துல பெரிய ஹுக் அடிக்கறவர், பந்து இடது பக்கம் ஓடிட்டே இருந்ததால அதை அடக்க இடது கையை வீக் பண்ணிக்கிட்டார், அதாவது முட்டி கம்மியா தெரியற மாதிரி திருப்பி வச்சுக்கிட்டார். உங்களுக்கு வியாதியே எதிர்ப்பக்கம், அவர் மருந்தை நீங்க சாப்பிட்டா எப்படி?

வீக் கிரிப்ல பந்தைத் தொடறப்ப ஃபேஸ் (கிளப்போட அடிக்கற முகம்) திறந்தே, அதாவது ஸ்விங் பாதையை விட வலது பக்கம் பாத்தே இருக்கும். திறந்த ஃபேஸ்னால வலது பக்கம் போறதைப் பாத்த மூளை, உங்களைக் கேக்காமலே ஸ்விங்கை இடது பக்கம் இழுக்குது. அதாவது ஓவர் த டாப் உங்க தப்பு இல்ல, ஃபேஸுக்கு உடம்பு போடற பதில். பந்து கிளம்பற திசையை பெரும்பாலும் ஃபேஸ்தான் தீர்மானிக்கும், வளைவு வர்றது ஃபேஸுக்கும் ஸ்விங் போற பாதைக்கும் உள்ள வித்தியாசத்துல. உங்களுக்கு இடது பக்கம் கிளம்பி வலது பக்கம் வளையுதுன்னா பாதை ரொம்ப இடது, ஃபேஸ் இலக்குக்கு இடதுதான் ஆனா பாதையை விட கம்மியா இடது. டிரைவர்ல லாஃப்ட் (ஃபேஸோட சாய்வு) கம்மி, அதனால அதே வித்தியாசம் ரெண்டு மடங்கு தெரியற மாதிரி வளையும். 7 அயர்ன்ல லாஃப்ட் அதை மறைச்சுடும், நல்லா அடிக்கறோம்னு நினைச்சுக்குவோம்.

செய்ய வேண்டியது: கிளப்பை இடது கையில சுண்டுவிரலோட அடியில ஆரம்பிச்சு ஆள்காட்டி விரலோட நடு மூட்டு வரைக்கும் குறுக்கா வைங்க, மணிக்கட்டுப் பக்கம் இருக்கற உள்ளங்கையோட அடிப்பக்க சதை கிளப் மேல உக்காரணும். ரெண்டு முட்டி, ரெண்டரை கூட ஓகே. வலது கை இடது கட்டைவிரலை மூடணும், வலது கையில கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ற கோடு வலது தோளைப் பார்க்கணும். சரியான்னு பார்க்க, வலது கையை எடுத்துட்டு இடது கையில ஆள்காட்டி விரலும் அந்த அடிப்பக்க சதையும் மட்டும் வச்சு கிளப்பைத் தூக்குங்க. மத்த விரல் எல்லாம் விட்டுடுங்க. தூக்க முடிஞ்சா விரல்ல இருக்கு, தூக்க முடியலன்னா இன்னும் உள்ளங்கைலதான்.

பார்த்ரீ பழனி:
கிரிப் மாத்தினா மட்டும் பாதை மாறிடாதுங்க. இப்ப அந்த இடது பக்க பாதையோட ஸ்ட்ராங் கிரிப் (முட்டி அதிகமா தெரியற பிடி) வச்சா பந்து நேரா இடது பக்கம் ஓடும். ஆபத்து.

சில்வர் ஓக்:
கரெக்ட், ஓடும். ஓடட்டும்ங்கறேன். அது ஒண்ணும் ஆபத்து இல்ல, அப்பதான் மூளைக்கு புது செய்தி போகும், இடது பக்கம் போறதைப் பாத்து தானா பாதையை வலது பக்கம் தள்ள ஆரம்பிக்கும், உங்க அட்டைப்பெட்டி ட்ரில் அந்த நேரத்துல தான் வேலை செய்யும். பழைய கிரிப்போட பெட்டி வச்சா ஃபேஸ் திறந்தே இருக்கும், பந்து நேரா வலது பக்கம் போயி ஆளே வெறுத்துடுவார். முதல் ரெண்டு வாரம் இடது பக்கம் போனா பயந்து கையை மறுபடி திருப்பிடாதீங்க, முக்காவாசி பேர் அங்கதான் விட்டுடறாங்க.

மூடுபனி முருகேஷ்:
எனக்கு அப்படியே தலைகீழ் பிரச்சனை, ஏற்காட்டுல எஸ்டேட் களத்துல வலை கட்டி ஆடறேன். மூணு நாலு முட்டி தெரியற கிரிப், பந்து தாழ்வா கிளம்பி இடது பக்கம் சுருண்டு சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடிக்குள்ள போயிடும், தேடறதுக்குள்ள மூடுபனி வந்துடும். மூடின ஃபேஸை காப்பாத்த ஸ்விங் ரொம்ப தட்டையா உடம்பைச் சுத்திப் போகுது. ஒரு முட்டி குறைச்சா கொஞ்சம் நிமிருது. சொல்ல வந்தது, வலைல பந்து போற திசை தெரியாது, ஃபேஸ்ல கொஞ்சம் டால்கம் பவுடர் தடவுங்க, பந்து பட்ட இடம் தெரியும். அடி கிளப் நுனில படுதா, தண்டுப் பக்கம் படுதான்னு பாத்தாலே பாதி விஷயம் புரியும், திசை வேணும்னா மைதானத்துலதான் பாக்கணும். இன்னொன்னு போன், கை உயரத்துல, பின்னாடி கைக்கு நேரா வைங்க. ஒரு அடி தள்ளி வச்சாலும் வீடியோல பிளேன் பொய் சொல்லும், இல்லாத வியாதிக்கு வைத்தியம் பண்ணிட்டு இருப்போம்.

அஞ்சுரோடு ஆல்ரவுண்டர்:
அப்டேட் சொல்றேன். புது கிரிப்ல ஆள்காட்டி விரல்ல தூக்க முடியுது, ஆனா கை ரொம்ப அந்நியமா இருக்கு, கிளப் பறந்துடுமோன்னு இறுக்கிப் பிடிக்கறேன். செட்டிப்பாளையத்துல 9 அயர்ன் இடது பக்கம் போச்சு, ஆனா வளையல. டிரைவர்ல ரெண்டு மூணு பந்து நேரா போச்சு, மீதி இடது. கிளப் செட் செகண்ட்ஹேண்ட், ரப்பர் கிரிப் பளபளன்னு கெட்டியா இருக்கு, அதனால இறுக்கறேனா?

சில்வர் ஓக்:
வளையலன்னா ஃபேஸும் பாதையும் ஒரே பக்கம் பாக்குது, பாதி வேலை முடிஞ்சுது. இப்ப பழனி அண்ணன் சொன்ன பெட்டியை வைங்க, 9 அயர்ன், இடுப்புல இருந்து இடுப்பு வரைக்கும் அரை ஸ்விங் மட்டும். டிரைவர் கொஞ்ச நாள் பைக்குள்ளயே இருக்கட்டும். பளபளன்னு ஆன ரப்பர்தான் இறுக்க வைக்குது, சேலம் வெயில்ல வியர்வையும் சேர்ந்தா கேக்கவே வேணாம். வெதுவெதுப்பான தண்ணில பாத்திரம் தேய்க்கற சோப்பு போட்டு பிரஷ்ல தேய்ச்சு காய வைங்க, அப்படியும் வழுக்கினா மாத்திடுங்க. ரப்பர் கிரிப் மாத்தறப்ப அடியில டேப் நிறைய சுத்தி தடிமனா போட்டிருக்காங்களான்னு பாருங்க, உங்க கைக்கு பெருசா இருந்தா அதுவும் ஃபேஸ் மூடறதைத் தடுக்கலாம். கிளவுஸ் இப்ப எதுவும் புதுசா வாங்காதீங்க, பழசையே போட்டு அந்த ஓட்டை பெருசாகுதான்னு பாருங்க. பெருசாகலன்னா கிரிப் நிக்குது.

மூடுபனி முருகேஷ்:
ஏற்காடு வந்தா வாங்க, என் களத்துல சேர்ந்து அடிக்கலாம். தை வரைக்கும் காபி காயும், அதனால வலையை கொட்டகை பக்கம் கட்டிக்கலாம். போன் ஸ்டாண்ட் மட்டும் எடுத்துட்டு வாங்க, என்னோடது உடைஞ்சு போச்சு.