மறு: ‘மியூசிக் புரொடியூசர்’ – தமிழில் என்ன சொல்வது?

வணக்கம்.

டெக்னோ என்னும் மின்னணு நடன இசையை ஆக்கும் பெர்லின் கலைஞர் மோரிட்ஸ் ஃபொன் ஓஸ்வால்ட் பற்றி நாம் தமிழில் எழுதும் கட்டுரையின் முதல் வரியிலேயே ‘மியூசிக் புரொடியூசர்’ என்ற சொல் இடிக்கிறது. வந்த யோசனைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

> தயாரிப்பாளர் என்றே போடலாமே? அகராதியில் இருக்கிறதே.

இருக்கிறது ஐயா. ஆனால் நம் ஊரில் தயாரிப்பாளர் என்றால் படத்துக்குப் பணம் போடுகிறவர். பெர்லின்காரர் யாரோ வட்டிக்கு வாங்கிப் பாட்டு எடுத்தார் என்று வாசகர் நினைத்துக்கொள்வார்.

> இசையமைப்பாளர்?

இதைத்தான் அவ்வளவு எளிதாகத் தள்ள முடியவில்லை. ஆனால் இசையமைப்பாளர் மெட்டுப் போடுவார். வாசிக்க வேறு ஆள், பதிவுசெய்ய வேறு ஆள். ஓஸ்வால்ட் 1980களில் பலே ஷௌம்பர்க் குழுவில் தாள வாத்தியம் வாசித்தவர். 1993இல் மார்க் எர்னஸ்டஸுடன் சேர்ந்து பேசிக் சேனல் என்ற பெயரில் இசைத்தட்டுகள் வெளியிடத் தொடங்கினார். அவற்றில் முணுமுணுக்க மெட்டு என்று ஒன்றும் கிடையாது. ஒரு மைனர் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்), அவ்வளவுதான். அதை எதிரொலிக் கருவிக்குள் விட்டு, வெளியே வருவதை மறுபடி உள்ளேயே திருப்பிவிடுவார்கள். ஒலியை வடிகட்டும் ஃபில்டரின் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார்கள். அடியில் கிக் டிரம் மாறாமல் போய்க்கொண்டிருக்கும். சில தடங்கள் பத்து நிமிடத்தைத் தாண்டும். கார்ட் அதேதான், ஆனால் அதன் நிறம் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். அந்த நிறமாற்றம்தான் இங்கே படைப்பு.

> அப்படியானால் ஒலிப்பொறியாளர் போதாதா?

போதாது. அது அடுத்தவர் இசையைப் பதிவுசெய்கிற வேலை. ஆனால் இப்படி எதிரொலியில் இசை ஆக்கும் மரபு பிறந்ததே ஒலிப்பொறியாளரின் மேசையில்தான் என்பது சுவாரசியம். எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பார்த்துவந்த கிங் டப்பி, 1970களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில், பாடி முடித்த பாட்டிலிருந்து குரலை உருவிவிட்டு டிரம்ஸையும் பேஸையும் எதிரொலியில் மிதக்கவிட்டார். பெர்லின்காரர்கள் எடுத்துக்கொண்டது ‘டப்’ எனப்படும் அந்த முறையை. அதோடும் நிற்கவில்லை. எர்னஸ்டஸ் 1989இலேயே ஹார்ட் வாக்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையைத் திறந்திருந்தார். அப்புறம் இசைத்தட்டில் ஒலியைப் பொறிக்கும் கூடம் ஒன்றும் வந்தது. ஒலியை உருவாக்குவதிலிருந்து கல்லாப்பெட்டி வரை ஒரே கும்பல்!

என் பரிந்துரை: ஒலியாக்குநர். இயக்குநர், ஓட்டுநர் பழகிய காதுக்கு இது உறுத்தாது. ‘ஆக்கி’ என்றால் கருவி, ‘ஆக்குநர்’ என்றால் ஆள் என்ற வேறுபாடும் தெளிவாக நிற்கும். ஆக்குநரா ஆக்குனரா, அதாவது தந்நகரமா றன்னகரமா என்ற சண்டையைத் தயவுசெய்து வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெக்னோவைத் தமிழாக்க வேண்டாம். டீப் டெக்னோவுக்கு ‘ஆழ் டெக்னோ’ போதும். சிக்கல், இவர்கள் இசைக்கு வழங்கும் ‘டப் டெக்னோ’ என்ற பெயரில்தான்: தெலுங்குப் படம் மாதிரி டப்பிங் செய்தது என்று படிக்கப்படும். அதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?