மறு: ‘ரிஸ்க் ஃபேக்டர்’ – இடர்க்காரணியா, இடர்பெருக்கியா?

குழுவினருக்கு வணக்கம். நோய் வரும் வாய்ப்பையோ அதன் கடுமையையோ கூட்டுகிற நிலையை ஆங்கிலத்தில் ‘ரிஸ்க் ஃபேக்டர்’ என்கிறார்கள். அதற்கு ‘இடர்பெருக்கி’ என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> ‘ஆபத்துக் காரணி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

மன்னார்குடி ஐயா கேட்டது நியாயம்தான். புழங்குகிற சொல்லை வேலை மெனக்கெட்டு மாற்றுவதில் எனக்கும் விருப்பமில்லை. ஆனால் இது போகப்போவது குறைமாதக் குழந்தைகளின் தாய்மாருக்கான கையேட்டில். தஞ்சாவூர்ப் பக்கம் பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை பார்க்கிறவள் நான். “பிள்ளையைப் பெட்டியில வச்சிருக்காங்க” என்று வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் ‘குறைமாதப் பிறப்பு ஒரு காரணி’ என்றால் அவள் காதில் ‘நீதான் காரணம்’ என்றே விழும். பக்கத்தில் மாமியார் வேறு நிற்பார்.

பொருளும் பொருந்தவில்லை. நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்குவதற்குக் காரணம் கிருமி; பச்சிளங்குழந்தைகளிடம் அது பல சமயம் ஆர்.எஸ்.வி. என்கிற வைரஸ். உடல்நலமுள்ள பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அது ஜலதோஷத்தோடு போய்விடும். 37 வாரம் நிறையாமல் பிறந்த பிள்ளையை ஆக்சிஜன் வரை இழுத்துவிடலாம். தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கு இறங்குவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்; முந்திப் பிறந்தால் அந்தப் பங்கு குறைந்துவிடுகிறது. மூச்சுக்குழல்களும் சின்னவை, கொஞ்சம் வீங்கினாலே அடைத்துக்கொள்ளும். வென்டிலேட்டரில் நெடுநாள் இருந்து நுரையீரல் நொந்த பிள்ளை, பிறவி இதயக் கோளாறு உள்ள பிள்ளை என்றால் இன்னும் கவனம் வேண்டும். (ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது என்ற பேச்சை இன்னும் கேட்கிறேன். நுரையீரலைக் கேட்டால் வயிற்றில் கூடுதலாக இருந்த ஒவ்வொரு வாரமும் லாபம் என்றுதான் சொல்லும்.)

குறைமாதம், நொந்த நுரையீரல், இதயக் கோளாறு எதுவும் கிருமியைக் கொண்டுவருவதில்லை. ஒலிபெருக்கி தானாகப் பாடாது, பாடுகிறவர் குரலைப் பெரிதாக்கும், அதுபோலத்தான். ஆகவே ‘இடர்பெருக்கி’.

> ‘இடர்கூட்டி’ இன்னும் எளிமை.

எளிமைதான். ஆனால் நம் ஊரில் கூட்டுவது என்றால் முதலில் துடைப்பம்தான் நினைவுக்கு வரும். பெருக்குவதும் அதே வேலைதானே என்று மடக்குவீர்கள், சரி. ஆனால் ‘பெருக்கி’க்கு ஒலிபெருக்கி துணை நிற்கிறது. ‘இடர்’ பாமரருக்குப் புரியுமா என்ற கவலை டெல்டாவில் வேண்டாம். 2018 கஜா புயலுக்குப் பிறகு ‘பேரிடர்’ இங்கே எல்லார் வாயிலும் புழங்குகிற சொல்.

காரணத்தையும் பெருக்கியையும் பிரித்துக் காட்ட வீட்டுக்குள்ளேயே உதாரணம் இருக்கிறது. குளிப்பாட்டியதும் பாட்டி பிள்ளையின் மூக்கில் எண்ணெய் விடுகிறார். அது நுரையீரலில் இறங்கினால் கிருமியே இல்லாமலும் அழற்சி வரும். அங்கே எண்ணெய்தான் காரணம், ‘காரணி’ என்று தாராளமாக எழுதலாம். அடுத்து சாம்பிராணி போடுகிறார். அந்தப் புகையும், விறகடுப்புப் புகையும், அப்பாவின் பீடிப் புகையும் இடர்பெருக்கிகள். பள்ளிக்கூடம் போய்ச் சளியோடு திரும்பும் அண்ணன்? அவன் கிருமியைக் கொண்டுவருகிறவன். ஆனால் வீட்டில் மூத்த பிள்ளைகள் இருப்பதை மருத்துவம் ‘ரிஸ்க் ஃபேக்டர்’ பட்டியலில்தான் வைக்கிறது, ஏனென்றால் அது தொற்றும் வாய்ப்பைப் பெருக்குகிறது. ஆக, நோயின் கடுமையை மட்டுமல்ல, நோய் வரும் வாய்ப்பைப் பெருக்குவதற்கும் இந்தச் சொல் பொருந்தும்.

‘இடர்ப்பெருக்கி’ என்று நடுவில் ஒற்று வருமா எனக் கேட்ட தமிழாசிரியருக்கு: இடரைப் பெருக்குவது என்று விரியும் இரண்டாம் வேற்றுமைத் தொகை, ப் மிகாது.

கையேட்டில் இப்படிப் போடலாம் என்று நினைக்கிறேன்: “குறைமாதப் பிறப்பு ஓர் இடர்பெருக்கி. அதை இனி மாற்ற முடியாது, அது உங்கள் தவறும் அல்ல. புகையும் ஓர் இடர்பெருக்கி. அதை இன்றே வீட்டிலிருந்து விலக்கலாம். கை கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.”

பச்சிளங்குழந்தைக்குச் சளி கட்டி மூச்சு வாங்கும் நோயான ‘பிராங்கியோலைட்டிஸ்’, அதாவது ‘மூச்சு நுண்குழல் அழற்சி’யைத் தனி இழையில் பேசலாம். அதற்கு ஏற்கெனவே நாலு சொல் வரிசையில் நிற்கிறது.