கிடாய் வாங்கும் திட்டம்: பணம் அனுப்புமுன் ஒரு மாற்று யோசனை

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். வெளி மாநிலத்திலிருந்து உயர்ரகக் கிடாய்கள் வாங்கி நம் ஊர் ஆட்டுக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுக்கலாம் என்று தலைவர் அண்ணாச்சி எழுதிய மடலுக்கு எல்லாரும் சம்மதம் சொல்லிவிட்டீர்கள். மறுத்துப் பேச நான்தான் மிச்சம் போலிருக்கிறது. எத்தியோப்பியாவில் கல்லூரிப் பாடம் நடத்துகிறவனுக்கு ஆட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். இந்த நாட்டில் குடியிருந்துகொண்டு ஆட்டைப் பற்றிக் காதில் விழாமல் இருப்பதுதான் கடினம்.

அடிஸ் அபாபாவுக்கு வடக்கே மேன்ஸ் என்ற மலைப்பகுதி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கு மேலே. உறைபனியில் வாற்கோதுமை கருகிவிடும் பூமி. வெள்ளாமை பொய்த்தால் செம்மறியை விற்றுத்தான் தானியம் வாங்குவார்கள். அந்த ஆடு சிறியது, கொழுத்த வால், கம்பளிபோல் ரோமம். இதைப் பெரிதாக்குகிறோம் என்று அரசு பண்ணைகள் வைத்து அவாசி, கோரிடேல் போன்ற அயல்நாட்டுக் கிடாய்களைக் கலந்து பார்த்தது. பல ஆண்டுச் செலவு. குடியானவர் கொட்டிலில் பெரிதாக எதுவும் நிலைக்கவில்லை. பண்ணைத் தீவனத்தில் வளர்ந்த கிடாய் மலைப் புல்லில் எப்படிப் பிழைக்கும்? நாம் செய்யப் போவதும் இதைத்தானே?

2009-இல் இகார்டா என்ற பன்னாட்டு வேளாண் ஆய்வு மையமும், பன்னாட்டுக் கால்நடை ஆய்வு நிறுவனமும், வியன்னாவின் போகு (BOKU) பல்கலைக்கழகமும், எத்தியோப்பிய ஆராய்ச்சி நிலையங்களும் சேர்ந்து வேறு வழி பிடித்தார்கள். எடுத்துக்கொண்டது மேன்ஸ், போங்கா, ஹோரோ, அஃபார் என்று அந்நாட்டுச் செம்மறி இனங்கள் நான்கு. கிடாயை வெளியில் தேடாமல் ஊர் மந்தைக்குள்ளேயே தேடுவது.

மந்தையின் நோய் எது என்று பார்த்ததில்தான் அவர்கள் கெட்டிக்காரத்தனம். வேகமாக வளரும் ஆண்குட்டிக்குச் சந்தையில் நல்ல விலை. ஈஸ்டர் வருகிறது, புத்தாண்டு வருகிறது, கையில் காசில்லை. பெட்டைகளோடு சேரும் முன்பே அது விற்றுப் போகிறது. விலைபோகாத நோஞ்சான் மந்தையில் தங்கி, அடுத்த ஈற்றுக்கெல்லாம் தகப்பன் ஆகிறது. வருடா வருடம் நல்லதைக் கழித்து மட்டத்தைப் பெருக்குகிறோம். நம் ஊரில் என்ன வாழ்கிறது? முதல்தரக் கிடாய் பக்ரீத்துக்கு வியாபாரியிடம் போகும், இல்லையென்றால் கொடைக்கு வெட்டுக்குப் போகும். நம் பக்கத்து நாட்டுச் செம்மறியான வேம்பூர் ஆடு வளரவில்லை என்று குறை சொல்லுமுன் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அவர்கள் செய்தது இது. குட்டிகளுக்குக் காதில் எண் வில்லை. பிறந்தபோது, பால் மறந்தபோது, ஆறு மாதத்தில் என்று எடை பார்த்து நோட்டில் எழுத ஓர் ஆள். ஆறு மாதக் கணக்கை வைத்து ஆராய்ச்சி நிலையத்தார் குட்டிகளை வரிசைப்படுத்துவார்கள். ஆனால் கடைசி வார்த்தை ஊர்க் குழுவுடையது. எடையில் முந்திய கிடாய் வால் சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை என்று கழிக்கப்படுவதும் உண்டு. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. வாழ்நாளெல்லாம் ஆடு மேய்த்தவன் கண்ணுக்கும் ஒரு மதிப்பு வேண்டாமா? தேர்ந்த கிடாயைப் பொது நிதியிலிருந்து விலை கொடுத்து வாங்கி, சில வீடுகள் சேர்ந்த குழுவுக்குப் பொதுவாக விடுவார்கள். தன் மகள்களோடேயே சேர்ந்துவிடாதபடி ஒரு தவணை முடிந்ததும் அது வேறு குழுவுக்குப் போகும். பிறகு கொழுக்க வைத்து விற்றால், அந்தப் பணம் அடுத்த கிடாய்க்கு.

இதில் சிக்கலான இடம் மேய்ச்சல் நிலம். எல்லா மந்தையும் ஒரே புறம்போக்கில் மேயும்போது, ஒருவர் மட்டும் சேராமல் தன் நோஞ்சானை அவிழ்த்துவிட்டால் மற்றவர்கள் பாடு வீண். தேறாத ஆண்குட்டிகளை நலம் தட்டவோ (காயடிக்கவோ) முன்கூட்டியே விற்கவோ எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். பணத்தைவிட இந்த ஒப்புதல்தான் அரிது. கோயில் காளையை ஊரே தீனி போட்டுப் பொதுவாக வளர்த்த நமக்கு இது புரியாத ஏற்பாடு அல்ல. ஆனால் வடக்குத் தெருவும் கீழத் தெருவும் ஒரு கிடாய்க்கு ஒத்துப்போகுமா என்பதை ஊரில் இருக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பலன் மெதுவாகத்தான் வருகிறது. ஆறு மாதக் குட்டியின் எடை போங்காவில் ஆண்டுக்குச் சராசரி 200 கிராம் அளவிலும், மேன்ஸில் 100 கிராம் சொச்சமும் ஏறியிருக்கிறது. ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். ஆனால் இது தீவனத்தால் வந்த எடை அல்ல, ரத்தத்தில் ஏறியது. அடுத்த தலைமுறைக்கும் போகும். சேர்ந்த குடும்பங்களின் வருமானம் சராசரி 20 சதவீதம் கூடியது என்றும், ஆண்டுக்கு ஓர் ஆடு அடித்த வீட்டில் மூன்று அடிக்கிறார்கள் என்றும் 2020-இல் வந்த ஆய்வு சொல்கிறது. மேன்ஸில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் அரசின் உணவு உதவிப் பட்டியலைவிட்டே வெளியேறிவிட்டார்களாம்.

ஆகவே என் கோரிக்கை: திரட்டிய பணத்தில் லாரி லாரியாகக் கிடாய் இறக்க வேண்டாம். பள்ளிக் கட்டணத்துக்காக நல்ல கிடாயை விற்க நிற்கிறவரிடம் சந்தை விலைக்கே அதை வாங்கி ஊரிலேயே நிறுத்த அந்தப் பணத்தைச் சுழல் நிதியாக வைக்கலாம். ஒரு தராசு, காது வில்லைகள், கணக்கு எழுதும் பிள்ளைக்கு மாதச் சம்பளம், இவ்வளவுதான் கூடுதல் செலவு. எடையை வைத்து வரிசைப்படுத்தத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரும் வேண்டும். சென்னையில் இருக்கும் தம்பிமார் யாராவது கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் விசாரித்துச் சொல்லுங்கள். பொருளாளர் அண்ணாச்சி, அதுவரை முன்பணம் எதுவும் அனுப்பிவிடாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் எவ்வளவு என்று குழுவில் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
வடக்குத் தெருக்காரன்,
அடிஸ் அபாபா