ஹார்ஸ்லிப்ஸின் 1975 அக்கூஸ்டிக் ஆல்பம்: அந்த ஒலி எங்களுக்கு ஏன் வரமாட்டேங்குது?

நாலாம்தந்தி:
ஐரிஷ் ராக் பேண்ட் ஹார்ஸ்லிப்ஸின் 'டிரைவ் தி கோல்ட் விண்டர் அவே' ஆல்பத்தில் இருந்து ரெண்டு டியூன் எடுத்துப் பழகுறோம். ஒரு கிதார், மாண்டலின், டி (D) விசில் என்கிற ஆறு துளைச் சின்னக் குழல், பௌரான் என்கிற ஐரிஷ் கைப்பறை. சுரம் எல்லாம் சரியாத்தான் விழுது, ஆனா ராக் பேண்ட் கரண்ட் போனப்ப வாசிச்ச மாதிரி கேக்குது. கிதார் வழக்கமான ட்யூனிங், ஸ்கேல் சி. எங்க தப்பு?

மெட்டுப்பிரியன்:
முதல் தப்பு ஸ்கேல். டி விசிலில் டி, ஜி ரெண்டும் இயல்பா வரும். சி ஸ்கேலுக்கு எஃப் நேச்சுரல் (அரைச் சுரம் ஏறாத எஃப்) வேணும். அதுக்கு ஒரு துளையைப் பாதி மூடணும், சுருதி விலகுறது அங்கதான். டி அல்லது ஜி-க்கு மாறுங்க. ஜி-யில் வர்ற சி நேச்சுரலுக்கு மேல் துளை திறந்து, அடுத்த ரெண்டும் மூடி, மீதி திறந்து இருந்தால் போதும்.

கிதாரை டி-ஏ-டி-ஜி-ஏ-டி ஆக்குங்க: 6-வது, 1-வது தந்தி இ-யிலிருந்து டி, 2-வது பி-யிலிருந்து ஏ. திறந்த தந்திகளில் காந்தாரமே கிடையாது. ஸ, ம, ப மட்டும். மேஜரா மைனரா என்று மெட்டை நெருக்காமல் தம்பூரா மாதிரி பின்னால் நிற்கும். முழு கார்டை அடிச்சுத் தள்ளினால் மறுபடியும் கரண்ட் போன கதைதான்.

ஆறுக்குஎட்டு:
ஸ்கேலைவிட வலது கைதான் பெரிய பிரச்சினைன்னு நினைக்கிறேன். ஜிக் என்கிற ஐரிஷ் நடன மெட்டு 6/8, மும்மூணா ரெண்டு கொத்து. மாண்டலினில் பிக் அடி கீழ்-மேல்-கீழ், கீழ்-மேல்-கீழ். ராக் பழக்கத்தில் மாறி மாறி அடிச்சால் 4-வது சுரம் மேல் அடியில் விழுந்து மெலிஞ்சு போகும், நடையே செத்துடும். பௌரான் ஆள் 2, 4-வது அடிகளில் டிரம்ஸ் ஸ்னேர் மாதிரி அழுத்தறதையும் நிறுத்தணும்.

ஒரு டியூன் ஏ, பி என ரெண்டு பகுதி; பகுதிக்கு 8 பார் (தாளச் சுற்று) வீதம் ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை, ஏ-ஏ-பி-பி, மொத்தம் 32 பார். நிமிஷத்துக்கு 80 அடியில் (பாருக்கு ரெண்டு அடி) தொடங்குங்க; 110 தாண்ட அவசரமே வேண்டாம். அந்த ஆல்பத்திலேயே 'சர் ஃபெஸ்டஸ் பர்க்', 'கரோலன்ஸ் ஃப்ராலிக்' இருக்கு. பார்வையற்ற யாழ்க் கலைஞர் கரோலன் (1670–1738) வழி வந்த மெட்டுகள். பழக அதுதான் நல்ல இடம்.

நாலாம்தந்தி:
நன்றிங்க. ரெக்கார்டில் ஃபிடிலும் மாண்டலினும் சேர்ந்தே கேக்குதே? அப்புறம், மழை நாளில் பௌரான் தொய்ஞ்சு போகுது.

மெட்டுப்பிரியன்:
ஃபிடில், மாண்டலின், கான்செர்டினா (கையடக்கத் துருத்தி வாத்தியம்) மூணும் அந்த பேண்டின் சார்லஸ் ஓ'கானர் கைவேலை. ஒரே ஆள் ரெண்டையும் ஒரே நேரத்தில் வாசிக்க முடியாது, தனித்தனியா பதிஞ்சு சேர்த்திருக்கணும். மேடையில் ஒண்ணை விட்டுடுங்க.

பௌரான் ஆட்டுத்தோல், ஈரம் குடிச்சால் தளரும். விளிம்பில் திருகு இருந்தால் எதிரெதிர் ஜோடியா கால் சுற்று இறுக்குங்க. ஒரு பக்கமே இறுக்கினால் தோல் கோணும். வாசிச்சு முடிச்சதும் தளர்த்தி வைக்க மறக்காதீங்க, காய்ந்த நாளில் கிழியலாம். ரொம்ப விறைச்சிருந்தால் கஞ்சிராவுக்குச் செய்யற மாதிரி பின்பக்கம் துளி தண்ணி தடவினால் இறங்கும்.

ஆறுக்குஎட்டு:
பதிவு செய்யறதா இருந்தால் கிதார் மைக்கை 12-வது ஃப்ரெட்டுக்கு நேரா, 15–20 செ.மீ. தள்ளி வைங்க. கிதாரின் ஒலித் துளைக்கு நேரா வெச்சால் கும்முனு அடிச்சு விசிலை மூழ்கடிக்கும்.