தினம் ரெண்டு குவார்ட்டர், வயசு 23: மாலை போட்டு ஒரேயடியா நிறுத்தலாமா?

பாலக்கோட்டான்:
சித்தப்பா பையன், ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. தினம் ரெண்டு குவார்ட்டர். காலையில் கை நடுங்குது, ஒரு கட்டிங் உள்ளே போனாத்தான் நிக்குது. கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலை போட்டு விட்டுடறேன்கிறான். சித்தியோ யாரோ கொடுத்த பொடியைச் சாம்பாரில் கலக்கலாமான்னு கேக்கறாங்க. எது சரி?

மாந்தோப்பு:
ரெண்டும் வேண்டாங்க. 42.8 சதவீதச் சரக்கில் ஒரு குவார்ட்டர்னா சுத்த ஆல்கஹால் 60 கிராம் பக்கம் வரும். அவன் தினம் 120 கிராம் இறக்கறான். காலை நடுக்கம் இருக்குன்னா மூளை அதுக்குப் பழகிடுச்சுன்னு அர்த்தம். திடீர்னு நிறுத்தினா 6 மணி நேரத்திலேயே நடுக்கம், வேர்வை, வாந்தி ஆரம்பிக்கும். வலிப்பு வந்தா பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள்ள. 48 மணி தாண்டினா குழப்பம், இல்லாத ஆள் தெரியறது, உடம்பில் பூச்சி ஊர்ற மாதிரி தடவறது. மாலை போட்ட நேரத்தில் இப்படி ஆனா சாமி குத்தம்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. கவனிக்காம விட்டா உயிரே போகும்.

டாக்டர் குளோர்டயசிபாக்சைடு மாதிரி மாத்திரையை முதல் நாள் அதிகமா கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியா குறைப்பார். அதுவரை வீட்டில் அவனா நிறுத்த வேண்டாம். மாலையை அதுக்கப்புறம் போடட்டும், ஐயப்பன் கோவிச்சுக்க மாட்டார்.

இன்னொண்ணு: தெம்புக்குன்னு பக்கத்து கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏத்தாதீங்க. குடிக்கிறவங்க உடம்பில் தயாமின், அதாவது பி1, குறைவா இருக்கும். குளுக்கோஸ் மட்டும் போனா மிச்சமும் தீர்ந்து மூளை பாதிக்கும். தயாமின் ஊசி போட்டாங்களான்னு கேளுங்க.

வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. சாவி, இரும்பு, வாயில் தண்ணி எதுவும் கூடாது. 108.

மருந்துக்கடை அண்ணாச்சி:
அந்தப் பொடி டைசல்ஃபிரமா இருக்கலாம், குடியை நிறுத்தக் கொடுக்கிற மருந்து. அது உடம்பில் இருக்கும்போது சரக்கு குடிச்சா முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, பிரஷர் விழும். சாவும் நடந்திருக்கு. கடைசி மாத்திரைக்கப்புறம் ரெண்டு வாரம் வரைக்கும் வேலை செய்யும். அவனுக்குத் தெரிஞ்சு, அவன் சம்மதிச்சு, ஈரல் டெஸ்ட் பாத்த பிறகுதான் கொடுக்கணும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு இடத்து அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கு. ஓசூர்லேர்ந்து பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியும் தூரமில்லை. போன்ல கேக்கணும்னா போதை மீட்புக்கு 14446, மனநல உதவிக்கு 14416. தனியார் மையம்னா மாநில மனநல ஆணையப் பதிவைக் காட்டச் சொல்லுங்க. முதல் மூணு நாள் ராத்திரி நர்ஸ் உண்டா, வீட்டார் வந்து பாக்கலாமா? இதுக்கு மழுப்பினா திரும்பிடுங்க.

பாலக்கோட்டான்:
நன்றிங்க. பேன்ட் பாக்கெட்டில் டேபென்டடால் (போதைக்கும் போடற வலி மாத்திரை) அட்டை ஒண்ணும் இருந்துச்சு. சொன்னா போலீஸ் கேஸ் ஆகுமோன்னு பயமா இருக்கு.

மாந்தோப்பு:
தம்பி, அதை மறைக்கவே கூடாது. அட்டையையும் கையோட கொண்டு போங்க. நடுக்கத்துக்குக் கொடுக்கிற மாத்திரையும் இதுவும் சேர்ந்தா மூச்சு மந்தமாகும். 2017 மனநலச் சட்டப்படி நோயாளி விவரம் ரகசியம். டேபென்டடாலை விட்டா உடம்பு வலி, மூக்கொழுகல், பேதி, தூக்கமின்மை வரும். பத்து நாள் விட்டவன் பழைய எண்ணிக்கையிலேயே திரும்பப் போட்டா உடம்பு தாங்காது, மூச்சு நின்னுடும். இதை அவன்கிட்டயே நேரா சொல்லிடுங்க.